நீ எடுத்துவிட்ட பக்கம்

தினேஷ்,

உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டு நேற்றுக் காலை பிரிக்ஃபீல்ட்ஸ் அச்சகத்திலிருந்து வந்து சேர்ந்தது. அப்பா கட்டைப் பிரித்து முதல் பத்திரிகையைச் சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டு, இரண்டாவதை என் கையில் கொடுத்தார். உன் பெயர், கவிதாவின் பெயர், மண்டபம், நேரம் எல்லாம் சரியாக இருந்தன. கீழே, விருந்தினரை வரவேற்க நிற்பவர்களின் வரிசையில், என் பெயருக்கு அடுத்ததாகத் தேவராஜன் என்று இருந்தது. நீதான் போடச் சொன்னாய் என்றார் அப்பா. "தேவா இல்லாம நம்ம வீட்டுல எந்த நல்ல காரியம் நடந்திருக்கு?" என்று வேறு கேட்டார். நான் பத்திரிகையை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன் என்பதை உனக்கு மறைக்கப் போவதில்லை.

மூன்று மாதமாக நான் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசாததற்குக் கவிதாதான் காரணம் என்று நீ உன் அத்தையிடம் சொல்லியிருக்கிறாய். அது உண்மை இல்லை. அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கும். அதனால்தான் இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டாமல் தருகிறேன். அவளும் படிக்கட்டும். தான் எந்தக் குடும்பத்துக்குள் வருகிறோம் என்று அவளுக்கும் தெரியவேண்டும். முக்கியமாக, நடந்ததில் அவள் தவறு எதுவும் இல்லை என்பது அவளுக்குத் தெரியவேண்டும்.

நான் வேலை பார்த்த இடம் உனக்குத் தெரியும். வேலை என்ன என்பது கவிதாவுக்காகச் சொல்கிறேன். கிள்ளானுக்கு வெளியே, பழைய வாகன பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கியெடுக்கும் தொழிற்சாலை. ஈயம் உடம்பில் ஏறும் என்பதால் உலைப் பக்கம் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை ரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். அந்த முடிவுகளும், யார் எந்தப் பிரிவில் எத்தனை நாள் நின்றார்கள் என்ற விவரமும் ஒரே கணினியில் சேர்ந்துகொண்டே போகும். அதைப் பார்த்துக்கொள்ள அலுவலகத்தில் நான் ஒருத்திதான். தேவா அப்போது உற்பத்திப் பிரிவில் இருந்தார். பிறகு மேனேஜர் ஆனார். என்னைவிட இரண்டு வயது சிறியவர். முதல் நாளிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார். உனக்கு ஆறு வயதில் கை முறிந்தபோது அப்பா துறைமுகத்தில் கிரேன் மேலே இருந்தார். தேவாதான் தன் காரில் உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் சட்டையெல்லாம் நீ வாந்தி எடுத்தாய். அந்த நன்றி எனக்கு இன்றும் இருக்கிறது. இருப்பதால்தான் இவ்வளவு வலிக்கிறது.

நீ பள்ளியில் ஃபோர்ம் ஃபோர் படித்த ஆண்டு, கணினியில் அந்தப் பதிவுகள் சேர்ந்திருந்த டேபிள், அதாவது அட்டவணை, தாங்கமுடியாத அளவுக்குப் பெருத்துப் போனது. ஒருவர் பெயரைத் தட்டிவிட்டு, எழுந்து போய் தே தாரேக் டீ கலக்கிக்கொண்டு வந்தாலும் திரை சுற்றிக்கொண்டே இருக்கும். மென்பொருள் விற்ற கம்பெனியின் ஆள் வந்து பார்த்தார். பெரிய லைசென்ஸ் வாங்கினால் டேபிளை ஆண்டுவாரியாகத் தானே பிரித்து வைத்துக்கொள்ளும் வசதி வரும், பழைய ஆண்டை அப்படியே கழற்றி ஓரமாக வைத்துவிடலாம் என்றார். விலையைக் கேட்டதும் தேவா சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவ்ளோ காசு போட்டு எதுக்கு? நம்மகிட்டதான் அக்கா இருக்காங்களே லா."

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வசதி இல்லாமலே செய்துகாட்டினேன். அதே அமைப்பில் இன்னொரு டேபிள் உண்டாக்கினேன், பழையவற்றுக்காக. ஐந்தாண்டு கடந்த பதிவுகளை அதில் கொஞ்சம் கொஞ்சமாக நகலெடுப்பேன். மொத்தமாக நகர்த்தினால் மற்றவர்கள் வேலை நின்றுபோகும் என்பதால் ஒரு தடவைக்கு ஆயிரம் பதிவுதான். நகலில் எத்தனை, மூலத்தில் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பேன். இரண்டும் ஒத்துப்போன பிறகே மூலத்தில் இருப்பதை அழிப்பேன். தொழிற்சாலையே சாப்பிடப் போகும் மதிய நேரத்தில், இந்தக் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஸ்கிரிப்ட் தானே ஓடும். தேடுகிறவருக்கு இரண்டு டேபிள் இருப்பதே தெரியாது. இரண்டையும் சேர்த்து ஒன்றாகக் காட்டும்படி மேலே ஒரு வியூ போட்டிருந்தேன். ஒரு வாரத்தில் திரை சட்டென்று வர ஆரம்பித்தது. அன்று வீட்டுக்கு மீ கோரெங் நூடுல்ஸைத் தாப்பாவ் பொட்டலமாக வாங்கி வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? நீ கூட, "அம்மா காசில்லாமலே கார் ஓட்டிட்டாங்க" என்று அப்பாவிடம் சொன்னாய்.

அதில் நான் செய்த தவறுகளை இப்போது சொல்கிறேன். பிறகு விசாரிக்க வந்த உன் கம்பெனியின் அறிக்கை என்மேல் சொன்ன குற்றம் முழுப் பொய் இல்லை. நகலெடுப்பதையும் எண்ணிப் பார்ப்பதையும் ஒரு படியாகவும், அழிப்பதை வேறு படியாகவும் எழுதியிருந்தேன். முதல் படி நடக்காவிட்டாலும் இரண்டாவது படி பாட்டுக்கு ஓடும். அழிக்கும் கட்டளையே ஒவ்வொரு பதிவும் நகலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் மட்டும் அழிக்கும்படி எழுதியிருக்க வேண்டும். இரண்டு வரி அதிகம், அவ்வளவுதான். நான்தானே ஓட்டப்போகிறேன் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது தவறு, கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு இரண்டு மாதம் விடுப்பில் போனபோது என் பாஸ்வேர்டைத் தேவாவிடம் கொடுத்தது. கொடுத்ததோடு நிற்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று கேட்டார். "எதையாவது தற்காலிகமா நிறுத்தணும்னா என்னக்கா செய்றது?" என்றார். வரிக்கு முன்னால் இரண்டு கோடு போட்டால் இயந்திரம் அதைப் படிக்காமல் தாண்டிவிடும் என்று நானே அவர் கையைப் பிடித்துக் காட்டாத குறையாகக் காட்டினேன். ஐந்தாண்டு என்ற கணக்கைக் குறைக்க எந்த எண்ணை மாற்றுவது என்பதையும் காட்டினேன்.

விடுப்பு முடிந்து வந்தபோது ஸ்கிரிப்ட் பழையபடியே இருந்தது. நான் சந்தேகப்பட ஒன்றுமில்லை. எண்ணிக்கையை ஒரு தடவை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், பேக்கப்பிலிருந்து மீட்டிருக்கவும் முடிந்திருக்கும். தையல் இழுத்துக்கொண்டிருந்தது, மேசையில் வேலை குவிந்திருந்தது. பார்க்கவில்லை. அது மூன்றாவது தவறு. அந்தச் சமயம் தொழிற்சாலையை வேறு முதலாளிகள் வாங்குவதாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுடைய ஆட்கள் நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனதாக டீ போடும் அக்கா சொன்னார். அதையும் நான் எதோடும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து மணியம் அண்ணன் வந்தார். நீ அவரைப் பார்த்ததில்லை. காப்பாரில் இருக்கிறார். நான் சேர்வதற்கு முன்பிருந்தே உலையில் நின்றவர். தன் மகள் சாந்தியைப் பிடித்துக்கொண்டு அலுவலகப் படியேறினார். இரண்டு கையும் மணிக்கட்டிலிருந்து தொங்கின. தூக்கி வணக்கம் சொல்ல முடியவில்லை. நரம்பில் ஈயம் ஏறியிருக்கலாம் என்று அரசாங்க ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். நஷ்ட ஈட்டுக்கு மனு போட வேண்டும், அதற்குத் தன் பழைய ரத்தச் சோதனை முடிவுகள் வேண்டும் என்று கேட்டு வந்திருந்தார். "உக்காருங்கண்ணே, அஞ்சு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு அவர் பெயரைத் தட்டினேன்.

ஆரம்ப ஆண்டுகளின் முடிவுகள் எல்லாம் இருந்தன. எல்லாம் அளவுக்குள் இருந்த நல்ல எண்கள். பிறகு புது உலை வைத்து, புகை இழுக்கும் விசிறி பாதி நாள் ஓடாமல் கிடந்த நான்கு ஆண்டுகளின் முடிவுகள் மட்டும் இல்லை. அவருக்கு மட்டுமில்லை, ஒருவருக்கும் இல்லை. புது டேபிளிலும் இல்லை, பழைய டேபிளிலும் இல்லை. எங்கள் பேக்கப் ஓராண்டுக்கு மேல் தங்காது. பழையதன் மேலேயே புதியதை எழுதிவிடுவோம். திரையை மட்டும் பார்க்கிறவருக்கு மணியம் அண்ணன் ஆரோக்கியமாக வேலை செய்த மனிதர். மறுபடி ஒரு முறை பெயரைத் தட்டிப் பார்த்தேன். கிடைக்கவில்லை என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "என்ன தங்கச்சி இப்படிச் சொல்றீங்க," என்றார். "நம்ம பேரு கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கும்னுதானே கைய நீட்டி ரத்தம் குடுத்தோம்?"

நேராகத் தேவாவின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டு, நான்கு வருஷத்தைக் காணோம் என்றேன். அவர் நாற்காலியைவிட்டு எழவில்லை. எப்படி என்றுகூடக் கேட்கவில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"தேவா, நான் இல்லாதப்போ அந்த வரிய நிறுத்தினீங்களா?"

"அக்கா, அது யாரோட ஸ்கிரிப்ட்?"

"நான் எழுதினதுதான். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"நீங்க எழுதினது, உங்க பாஸ்வேர்டுல ஓடிச்சு. இதுல நான் எங்கக்கா வரேன்?" என்றார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "பெரிசாக்காதீங்க. ஆபரேஷன் பண்ண உடம்பு," என்றார்.

இருபத்திரண்டு வருஷம் என் வீட்டுத் தீபாவளிச் சாப்பாடு சாப்பிட்டவர். நான் பெரிசாக்கினேன். தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். அவர்கள் வெளி ஆட்களை வைத்து விசாரிக்கிறோம், அதுவரை நீங்கள் வீட்டில் இருங்கள் என்றார்கள். வந்த வெளி ஆட்கள் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து, உன் கம்பெனி. நான் உன்னிடம் கேட்டேன், சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டேன். "ம்மா, நான் அந்தக் குழுவுல இல்ல. இருந்தாலும் பேசக்கூடாது," என்றாய். நான் நம்பினேன். பேசக்கூடாது என்றது நேர்மையான பதில் என்று அப்பாவிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன். இரண்டு மாதத்தில் அறிக்கை வந்தது. உரிய வசதியை வாங்காமல் ஊழியர் ஒருவர் தானாக எழுதிய முறையில் பாதுகாப்புச் சோதனை இல்லாததால் தரவு இழப்பு ஏற்பட்டது என்று இருந்தது. யாரும் எதையும் மாற்றியதாக ஒரு வரி இல்லை. நான் வேலையை விட்டேன். அன்று மாலை நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, "விடும்மா, எப்படியும் ரிட்டையர் ஆகற வயசுதானே," என்று என் தோளைத் தொட்டாய். அந்தக் கையின் சூடு எனக்கு ஆறுதலாக இருந்தது, தினேஷ். உன் அம்மா எவ்வளவு முட்டாள் என்று அந்த நேரத்தில் நினைத்தாயா?

கவிதா முதல் முறை வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை நீ அப்பாவோடு ஐஸ் வாங்கப் போனாய். அவள் சமையலறையில் எனக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுத்தபடி பேசிக்கொண்டிருந்தாள். நீயும் அவளும் ஒரே இடத்தில் வேலை செய்கிறீர்கள் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டாள். "ஆன்டி, தினேஷ் ரொம்ப முயற்சி பண்ணாரு," என்றாள். "நீங்க ஆஸ்பத்திரியில இருந்த நாள்ல மேனேஜர் கம்ப்யூட்டர்லேர்ந்து ஸ்கிரிப்ட மாத்தியிருக்காங்க, மறுபடி பழையபடி வெச்சிருக்காங்கன்னு, கம்ப்யூட்டர் தானா பதிஞ்சு வெக்கிற லாக்ல கண்டுபிடிச்சதே அவருதான். அந்தப் பக்கத்த எடுத்துடுன்னு பாஸ் சொன்னதும் பாவம், அவரே எடுத்தாரு." நான் அடுப்பை அணைத்தேன். அவள் பயந்துபோய், "உங்களுக்குத் தெரியாதா ஆன்டி?" என்றாள். தெரியும் என்று சொன்னேன். நீ ஐஸ் பையோடு சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாய்.

அதன் பிறகுதான் மற்றதெல்லாம் வரிசையாக விளங்கியது. அறிக்கை போன மறு மாதமே அந்தத் தொழிற்சாலை பெரிய லைசென்ஸை உன் கம்பெனி வழியாக வாங்கியது. அது இல்லாமலே நான் செய்துகாட்டிய அதே வசதி. அந்த வேலைக்குத் தலைவராக நீ. பதவி உயர்வு என்று எங்களைச் சாப்பிட அழைத்துப்போனாயே, அது எதற்கான சாப்பாடு என்று அன்று எனக்குத் தெரியாது. நல்ல சாப்பாடு என்று சொல்லி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். தேவா செய்ததை நான் ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன். அவர் எனக்கு நண்பர், அந்த எண்களைப் புது முதலாளிகள் பார்த்துவிடுவார்கள் என்று தன் நாற்காலிக்குப் பயந்தார். நீ என் ஸ்கிரிப்டின் ஒவ்வொரு வரியையும் படித்திருக்கிறாய். ஒவ்வொரு படிக்கும் மேலே நான் எழுதிவைத்திருந்த குறிப்புகளைப் படித்திருக்கிறாய். எண்ணிக்கை ஒத்துப்போகாமல் அழிக்காதே என்று அதில் என் கையால் எழுதியிருந்ததைப் பார்த்த பிறகும், அம்மாவின் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறாய்.

இதை நீ எங்கே கற்றாய் என்று பல நாள் யோசித்தேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஃபோர்ம் த்ரீயில் நீயும் ஃபைசலும் பள்ளியின் புரொஜெக்டரைக் கீழே போட்டு உடைத்தீர்கள். அவன் தனியாக மாட்டிக்கொண்டு, உன் பெயரைச் சொல்லாமல் இருந்துவிட்டான். ஒரு வாரம் பள்ளிக்கு வரக்கூடாது என்று அவனை அனுப்பினார்கள். நீ அழுதுகொண்டே வந்து என்னிடம் சொன்னாய்; நாளைக்குப் போய் ஆசிரியரிடம் சொல்லிவிடட்டுமா என்றும் கேட்டாய். "உன்னை யாரும் கேக்கலையே, விடு," என்றேன் நான். பரீட்சை நெருங்கியிருந்தது, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. நீ சரியானதைச் செய்யத் தயாராக நின்றாய். உன்னை உட்காரவைத்தது நான். பெட்டாலிங் ஜெயாவில் அந்தப் பக்கத்தை எடுத்த கையில் என் கையும் இருந்தது. இதைச் சொல்வதால் உன் பங்கு குறைந்துவிடாது. நீ அப்போது பதினைந்து வயதுப் பையன். இப்போது இல்லை.

மணியம் அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. சொல்கிறேன். தொழிற்சாலைக்காக ரத்தம் எடுத்த கிளினிக் கிள்ளானில், துணிக்கடைகளுக்கு நடுவே ஒரு மாடியில் இருக்கிறது. அங்கே இருக்கும் டாக்டர், கொடுத்த முடிவுகளின் தாளைத் தூக்கிப் போடாத மனிதர். சாந்தியும் நானும் ஒன்பது நாள் அந்த மாடி அறையில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தோம். தாள்கள் ஆண்டுவாரியாக இல்லை, பெயர்வாரியாகவும் இல்லை. கரையான் அரித்தது போக, அவருடைய ஐந்து முடிவுகள் கிடைத்தன. ஐந்தும் அந்த நான்கு வருஷத்துக்கானவை. எண்களைப் படித்ததும் சாந்தி தாளைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றாள். கடைசிச் சோதனைக்குப் பிறகும் அவரை எட்டு மாதம் உலையிலேயே நிற்கவைத்திருக்கிறார்கள். சென்ற மாதம் அவருடைய மனுவை ஏற்றுக்கொண்டார்கள். கைகள் திரும்பி வரப்போவதில்லை. அவரோடு நின்ற மற்றவர்களில் பலருடைய தாள்கள் கரையானோடு போய்விட்டன. அவர்கள் மனுப் போட்டால் காட்டுவதற்கு இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது, அந்தப் பதிவுகளை யார், எந்த நாளில் அழித்தார் என்ற அத்தாட்சி மட்டும்தான். அது நீ எடுத்துவிட்ட பக்கத்தில் இருக்கிறது.

அதனால் போன வியாழக்கிழமை நான் தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தேன். என் மூன்று தவறுகளையும் முதலில் சொன்னேன். தேவாவைப் பற்றிச் சொன்னேன். அந்த லாக்கைப் பார்த்தவர் யாராவது இருக்கிறார்களா என்று அதிகாரி கேட்டார். இளம் மலாய்ப் பெண், உன்னைவிட நான்கைந்து வயது அதிகம் இருக்கும். நான் தண்ணீர் கேட்டேன். அவள் கொண்டுவந்து வைத்தாள். பிறகு உன் முழுப் பெயரைச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டு, உறவா என்று கேட்டாள். மகன் என்றேன். அவள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நிச்சயமாத்தானா, புவான்?" என்று மலாயில் மரியாதையாகக் கேட்டாள். நிச்சயம்தான் என்றேன். கவிதாவின் பெயரை நான் சொல்லவில்லை. அவள் என்னிடம் சொன்னது ஒரு மருமகள் மாமியாரிடம் சொன்னது. அதைச் சொல்வதும் சொல்லாததும் அவள் விருப்பம்.

உன்மேல் பழி தீர்த்துக்கொள்கிறேன் என்று உனக்குத் தோன்றலாம். எனக்கே அந்தச் சந்தேகம் வந்தது. ஒன்றிரண்டு நாள் அப்படித்தான் இருந்தது என்றும் ஒப்புக்கொள்கிறேன். உன் பெயரைச் சொன்னபோது என் நெஞ்சில் இருந்தது எல்லாம் அன்பு என்று பொய் சொல்ல மாட்டேன். காயம் பட்டவளாகத்தான் சொன்னேன். ஆனால் காயம் ஆறியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அந்த அதிகாரி அடுத்த வாரம் உன்னைக் கூப்பிடுவாள். வேலை போகலாம். கல்யாணத்துக்கு முன்னால் இப்படிச் செய்தாளே என்று சொந்தக்காரர்கள் என்னைப் பேசுவார்கள், பேசட்டும். மண்டபத்துக்கு நான் வருவேன். நீ என்ன பதில் சொல்லியிருந்தாலும் வருவேன், உன் தலையில் அட்சதை போடுவேன். ஆனால் தேவாவுக்குப் பக்கத்தில் நின்று ஒருவரையும் வரவேற்க மாட்டேன். எந்தப் பெயர் அந்தப் பத்திரிகையில் இருக்க வேண்டும் என்று நீயே முடிவு செய்து, மறுபடி அச்சடிக்க வேண்டுமானால் அடித்துக்கொள்.

இவ்வளவையும் எழுதி முடித்து அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். தேவாவும் நீயும் செய்தது எதுவும் அவருக்கு இதுவரை தெரியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். நடுவில் ஒரு தடவை மட்டும் தலையைத் தூக்கி, "நம்ம தினேஷா?" என்றார். ஆமாம் என்றேன். படித்து முடித்துப் பக்கங்களை ஒன்றாக அடுக்கினார். கிழித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். எழுந்து வந்து என்னிடம் பேனாவைக் கேட்டார்.

அம்மா

அப்பாவும்